அரை இன்ரு இரண்டு

சென்ற மாதம் அனுஷா தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற கொலிஜில் இப்போது கணிதப் பிரிவை நடத்துகிறவள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் போய் முடிப்பாள்.

"மிஸ், குட் நியூஸ். நாங்கள் அந்த லாஸ்ற் லெவலையும் எடுக்கப்போறம். இனி எல்லாரும் ஸ்ரெயிற்றா தங்கட கோர்ஸுக்கே போகலாம். பக்கத்தில சப்போர்ட் கிளாஸ் ஒண்டு ஓடும். அதுக்குப் பேர் கோரெக்விசிற்."

"பேர் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"ஆனா நீங்கள் நைன்ரீஸிலயே இதைச் செய்தனீங்களாம். ஸ்ராஃப் மீற்றிங்கில வந்து ரென் மினிற்ஸ் பேசுவீங்களா? ப்ளீஸ் மிஸ்."

பத்து நிமிஷத்தில் எனக்குத் தொண்டையைச் செருமத்தான் நேரம் காணும். அதற்காக அஜக்ஸிலிருந்து கோ ரெயின் ஏறி, சப்வே மாறி, இந்த முழங்காலோடு படிக்கட்டு இறங்க வேண்டும். வரமாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் ஒரு பக்கம் போதும் என்றாள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அனுஷா, பொறுமையாக வாசி.

நான் யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தவள். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் டோனற் கடையில் நின்றேன், பிறகு பக்ரரி ஒன்றில் பெட்டி ஒட்டினேன், பிறகு இரவுப் பாடசாலையில் இந்த நாட்டுச் சான்றிதழைத் தேடிக்கொண்டேன். இந்த ஊரில் பாதித் தமிழருடைய கதை இதுதான் என்பதால் நீட்டவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டவுண்ரவுணில் இருந்த கொலிஜில் கணிதம் படிப்பிக்க எடுத்தார்கள்.

என்னிடம் வந்தவர்கள் பெரியவர்கள். தச்சு வேலை செய்து முதுகு போனவர்கள், பிள்ளை வளர்த்து முடித்தவர்கள், யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள். ஒவ்வொருவரும் ஒரு படிப்பைக் குறி வைத்துத்தான் வருவார்கள்: எலெக்ரிக்கல், கணக்கியல், நேர்சிங். ஆனால் நேரே அங்கே போக முடியாது. முதலில் ஒரு கணிதச் சோதனை. அதில் குறைந்த புள்ளி எடுத்தால் லெவல் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொன்றும் ஒரு தவணை. மூன்றும் முடித்தால்தான் வந்த நோக்கத்துக்கான கதவு திறக்கும். இடையில் வகுப்பு நிரம்பிவிட்டால் அடுத்த தவணைவரை காத்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் சும்மா போய்விடும்.

கணக்கு வராமல் விட்டுப் போனவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. லெவல் ஒன்றில் நல்ல புள்ளி எடுத்து, கை குலுக்கி, "செப்ரெம்பரில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வராதவர்கள்தான் அதிகம். ஓவர்ரைம் கிடைத்திருக்கும், பிள்ளை பிறந்திருக்கும், வீடு மாறியிருப்பார்கள். யார்தான் வாசலில் இரண்டு வருஷம் நிற்பார்கள்?

என் முதல் வகுப்பிலேயே நான் ஒரு பகிடிக்கு ஆளானேன். கரும்பலகையில் எழுதியபடி, ஊரில் சொல்வதுபோல ஆங்கிலத்தில், "ஐந்து இன்ரு ஆறு முப்பது" என்றேன். பின் வரிசையில் நியூபவுண்லாந்திலிருந்து வந்த பழைய மீன்பிடிகாரர் ஒருவர் கையை உயர்த்தினார். "மிஸ், எங்கள் ஊரில் அது ஒன்றுதான். மிச்சமும் ஒன்று வரும்," என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. நாங்கள் "இன்ரு" என்றால் பெருக்குவோம். இவர்கள் "இன்ரு" என்றால் பிரிப்பார்கள். ஐந்து இன்ரு ஆறு என்றால், ஆறுக்குள் ஐந்து எத்தனை தரம் போகும் என்று கேள்வி. ஒரே சொல், நேர்மாறான கணக்கு. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இந்தச் சின்னச் சொல் பிறகு ஒரு நாள் என் நித்திரையைக் கெடுக்கும் என்று நினைக்கவில்லை.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரூத். கேப் பிரெற்றன்காரி, நெடுத்த மனுஷி, கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. மாணவர் யாராவது அறைக்குள் வந்தால் மேசைக்குப் பின்னால் இருந்து பேச மாட்டார். எழுந்து சுற்றி வந்து, அவர்களுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காருவார். "பலவீனமான மாணவர்" என்று நான் ஒரு தரம் சொன்னபோது, "எதைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாய்?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தச் சொல்லை நான் எங்கும் பாவித்ததில்லை. மற்றவர்கள் பாவித்தால் இன்றைக்கும் கோபம் வரும்.

சோதனைத் தாள் திருத்த அவருக்கு ஒரு முறை இருந்தது. சிவப்புப் பேனை கூடாது. சரியான விடைகளை எண்ணி ஒரு மூலையில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். "சரியானதைப் பார்த்து நான் என்ன செய்ய?" என்பார். பிழையான விடைக்குப் பக்கத்தில்தான் வேலை. இந்த ஆள் எந்த வழியால் இந்த விடைக்கு வந்தார் என்று பென்சிலால் எழுத வேண்டும். கடன் வாங்க மறந்தார், தசமப் புள்ளியை இடம் மாற்றினார், கேள்வியைப் பாதியில் விட்டார், இப்படி. வழி தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி போட்டு, ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒரு தாளுக்கு அரை மணித்தியாலம் போகும். மற்றப் பிரிவுகளில் அதே நேரத்தில் ஒரு கட்டே திருத்தி முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தப் பென்சில் இல்லாமல் எனக்குத் திருத்தவே தெரியாமல் போய்விட்டது.

அப்படித் திருத்திய தாள்களில் ஒன்று பிலோமினா அக்காவுடையது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். குறியால் எழுதிய பெருக்கல் எல்லாம் சரி, நீட்டுப் பிரித்தலும் சரி. சொல்லால் கேட்ட கேள்விகளில்தான் பிசகு. "4 இன்ரு 12" என்றதற்கு நாற்பத்தெட்டு. "25 இன்ரு 400" என்றதற்குப் பத்தாயிரம். பென்சிலை வைத்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். இவர் எந்த வழியால் வந்தார் என்று எழுத எனக்குத் தேடல் தேவைப்படவில்லை. நான் வந்த வழிதான்.

ஆனால் தசமமும் வீதமும் அவருக்கு உண்மையிலேயே தள்ளாடின. கூட்டிப் பார்த்தால் லெவல் ஒன்று.

பிலோமினா அக்கா மன்னார்ப் பக்கம். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்ட்டில் உதவியாளராக இருந்தவர். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்த்துக்கொண்டிருந்தார். வீடு சென் ஜேம்ஸ் ரவுணில் பதினைந்தாம் மாடி. எலிவேற்றர் உடைந்த நாட்களில் கொலிஜுக்கு வரும்போதே களைத்திருப்பார். துணைத் தாதியாவதற்கு ஒரு வருஷம் படிக்கும் நேர்சிங் கோர்ஸில் அவருக்குச் செப்ரெம்பரில் ஒரு இடம் இருந்தது, கணிதம் சரி என்று நாங்கள் சொன்னால்.

ரூத் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் இருந்தேன். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மூன்று லெவலும் என்னவென்று விளங்குகிறதா?" என்று ரூத் ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ்."

"உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?"

"யெஸ்," என்றார் அக்கா.

ரூத் காத்திருந்தார். அக்காவும் காத்திருந்தார். கடைசியில் அக்கா இன்னொரு தரம், இன்னும் பணிவாக, "யெஸ்," என்றார். ரூத் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எங்கள் "ஓம்" எத்தனை வேலை செய்கிறது என்று வெள்ளைக்காரருக்கு எப்படிச் சொல்வது? கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாலும் ஓம். உங்களில் மரியாதை இருக்கிறது என்றாலும் ஓம். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் உங்களைக் கரைச்சல்படுத்த விருப்பமில்லை என்றாலும் ஓம்தான்.

அன்று அவரோடு வெலெஸ்லி வீதிவரை நடந்தேன். தமிழில் பேசத் தொடங்கியதும் வேறு ஆளாகிவிட்டார்.

"ரீச்சர், மூண்டு லெவலும் முடிய எனக்கு எத்தினை வயசாகும் எண்டு பாத்தனீங்களோ? இப்ப நாப்பத்தாறு."

"படிக்கிறதுக்கு வயசில்லை அக்கா," என்றேன். எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"படிக்கிறதுக்கு இல்லை. ஆளைத் தூக்கித் திருப்பிக் கிடத்திறதுக்கு வயசிருக்கு." கைகளை விரித்துக் காட்டினார். தோய்த்துத் தோய்த்துத் தோல் வெளிறிப்போன கைகள். "இந்தக் கை இன்னும் பத்து வருசம் வேலை செய்யும். அதில ரண்டை வாசல்ல நிண்டு செலவழிக்கச் சொல்லுறியள். நான் அம்பது வயசில போய்ப் புதுசா வேலை கேட்டா, ஆர் தருவினம்?"

சிக்னல் மாறியதும் அவர் வீதியைக் கடந்து போனார்.

மறுநாள் ரூத்திடம் "இன்ரு" கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தெரிந்துகொண்டது நல்லது. ஆனால் வார்ட்டில் அவருடைய காதில் எந்த இன்ரு விழும்?" என்று கேட்டார். அதுதான் ரூத். ஆறுதலுக்கு ஒரு பொய்யும் சொல்ல மாட்டார்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் எழுந்து யன்னலைத் திறந்துவிட்டு, தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "மருந்துக் கணக்கு படிக்க மூன்று லெவலும் வேண்டுமா? அல்லது மருந்துக் கணக்கையே படித்தால் போதுமா? உள்ளே விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டால் என்ன?"

நேர்சிங் பிரிவின் தலைவி மார்கரெற். ஸ்கொற்லாந்துப் பெண்மணி, சொற்களை மென்று விழுங்கிப் பேசுகிறவர். ரூத் சொன்னதைக் கேட்டு உதட்டைச் சுழித்தார். "கணக்குத் தெரியாத தாதி ஆளைக் கொன்றுவிடுவாள். மன்னிப்புக் கேட்டால் செத்தவர் எழும்பமாட்டார்," என்றார். அது அநியாயமான பேச்சு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானே ஒரு நோயாளியாகப் படுத்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. பிலோமினா அக்காவும் அவரைப் போன்ற இன்னும் ஐந்து பேரும் செப்ரெம்பரில் நேர்சிங்குக்குள் போகலாம். மருந்துக் கணக்கு வகுப்புக்கு முந்திய மணித்தியாலம் என்னோடு இருக்க வேண்டும். ஒக்ரோபரில் மருந்துக் கணக்குச் சோதனை. அதில் எந்த மாணவரும் முழுப் புள்ளி எடுத்தால்தான் வார்ட்டுக்குள் கால் வைக்கலாம். அது எப்போதும் உள்ள விதி. இரண்டு சந்தர்ப்பம். இரண்டிலும் தவறினால் எங்கள் ஆறு பேரில் அந்த ஆள் லெவல் ஒன்றின் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "ரண்டு தரம் காணும் ரீச்சர்," என்றார்.

கீழ்த்தளத்தில் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வகுப்பறை தந்தார்கள். ஆறு பேரில் ஒருவர் யூசுப், சோமாலியாக்காரர், இரவில் ரக்ஸி ஓடிவிட்டு நேரே வகுப்புக்கு வருவார். பாடப் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. மருந்துப் போத்தலைத்தான் திறந்தேன். ஐந்து மில்லிலீற்றரில் இருநூற்றைம்பது மில்லிகிராம் மருந்து இருக்கிறது, டொக்டர் நானூறு மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார், எத்தனை மில்லிலீற்றர் எடுப்பாய்? பின்னமும் தசமமும் அதற்குள்ளேயே வந்தன. லெவல் ஒன்றில் ஒரு மாதம் இழுக்கிற தசமத்தை ஊசிக் குழாயில் உள்ள கோடுகளைக் காட்டி ஒரு கிழமையில் முடித்தோம். அக்கா பிரித்துப் பெருக்கி, எட்டு என்று எழுதி, குழாயில் தண்ணீரை எட்டாம் கோடுவரை இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். அந்தப் பார்வையைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

முதல் நாளே "இன்ரு" பற்றியும் சொல்லிவிட்டேன். "அக்கா, இஞ்ச இன்ரு எண்டா பிரிக்கிறது. எங்கட ஊர் மாதிரிப் பெருக்கிறேல்லை."

"ஓம், ஓம்."

"விளங்கிச்சுதோ?"

"ஓம்."

நான் நம்பினேன். நானும் தமிழ்தானே, எனக்கு அந்த ஓமைத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சோதனை வந்தது. எழுத்துக் கேள்விகளோடு, கடைசியில் ஐந்து கேள்விகளை நேர்சிங் ஆசிரியை வாய்விட்டு வாசிப்பார். டொக்டர் தொலைபேசியில் சொல்வதுபோல ஒரே ஒரு தரம். எங்கள் ஆறு பேரில் நால்வர் முழுப் புள்ளி எடுத்தார்கள். யூசுப் ஒரு சைபரை விட்டுவிட்டார். அக்காவுக்கும் ஒன்றே ஒன்று பிழை, வாய்க் கேள்வியில்.

குளிசை ஒன்றில் அரை மில்லிகிராம். டொக்டர் இரண்டு மில்லிகிராம் கேட்கிறார். ஆசிரியை கேள்வியை வாசித்துவிட்டு, பிள்ளைகளுக்கு உதவி செய்கிற நினைப்பில், "அரை இன்ரு இரண்டு, எத்தனை குளிசை?" என்று கேட்டிருக்கிறார். பிரித்தால் நாலு குளிசை. பெருக்கினால் ஒன்று. பத்தாயிரம் குளிசை என்று விடை வந்திருந்தால் யாரும் விழித்துக்கொள்வார்கள். ஒன்று என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? நோயாளி பேசாமல் விழுங்கியிருப்பார்.

அக்காவின் தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் முதலில் நாலு என்று எழுதி, வெட்டி, ஒன்று என்று எழுதியிருந்தது. பென்சிலை எடுத்தேன், வழி தெரியவில்லை. கேள்விக்குறி போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"நாலு எண்டுதான் எனக்கு முதல் வந்தது ரீச்சர். அரை மில்லிகிராம் குளிசையில ரண்டு வேணுமெண்டா நாலுதானே. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"பிறகு ஏன் வெட்டினீங்கள்?"

"அவ இன்ரு எண்டு சொன்னா. எனக்குக் குழம்பிப்போச்சு. பெருக்கச் சொல்லுறா போல, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் எண்டு வெட்டிப்போட்டன்."

"கேட்டிருக்கலாமே அக்கா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எப்பிடி ரீச்சர், படிப்பிக்கிற ஆளை மறிச்சுக் கேக்கிறது? சிஸ்டர்மாரிட்டை நான் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டா, காது அடைச்சுப்போச்சோ எண்டு பேசுவினம்." பிறகு கண் கலங்கியது. "நான் பிழையாக் குடுத்திருப்பன் என்ன? சரியெண்டு தெரிஞ்சுகொண்டே பிழையாக் குடுத்திருப்பன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாளும் நான் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கணக்கு வந்துவிட்டது, சொல்லும் ஒரு நாள் வந்துவிடும். அவரைத் தடுத்தது அந்த ஓம். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்கிற அதே வாயால்தான் நாங்கள் "வாய் காட்டாதே" என்றும் சொல்லி வளர்க்கிறோம். இதில் எதைக் கேட்டு நடப்பது என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

ரூத்திடம் போனேன். "அவர் ஏன் கேட்கவில்லை?" என்றார். எங்களில் கேட்கமாட்டார்கள் என்றேன். "அப்படியானால் இந்தக் கிழமைப் பாடம் அதுதான். கணக்கை மூடி வை," என்றார்.

இரண்டாம் சோதனைக்கு ஒரு கிழமை இருந்தது. முழுப் புள்ளி எடுத்த நால்வரும் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். வகுப்பில் ஒரு புது விதி போட்டேன். நான் மருந்துக் கட்டளைகளை வேண்டுமென்றே மொட்டையாகவும் குழப்பமாகவும் வாசிப்பேன். கேட்காமல் விடை எழுதினால், விடை சரியாக இருந்தாலும் புள்ளி இல்லை. திருப்பிக் கேட்டால் புள்ளி. யூசுப்புக்குக் கொண்டாட்டம். ரக்ஸிக்காரர் அல்லவா, எந்த வீதி, எந்தப் பக்கம், எந்த வாசல் என்று கேட்டே பழகியவர். அக்கா முதல் நாள் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. கேட்கப் போவார், வாயைக் கையால் பொத்திச் சிரிப்பார், எழுதிவிடுவார்.

"அக்கா, நான் ஆர்?" என்றேன்.

"ரீச்சர்."

"நான் டொக்டர். எனக்கு நித்திரை வருது. நான் பிழையாச் சொல்லுறன். நீங்கள் ஓம் எண்டா ஆர் சாகிறது?"

"சும்மா இருங்கோ ரீச்சர், பயப்பிடுத்தாதேங்கோ."

இரண்டாம் நாள் என்னிடம் மெல்லமாகக் கேட்டார். மூன்றாம் நாள் ரூத் தானே இறங்கி வந்தார். கதவருகில் நின்று, தன் ஊர்ப் பேச்சில், வேண்டுமென்றே வாய்க்குள் முணுமுணுத்து ஒரு கட்டளை சொன்னார். அதில் ஒரு "இன்ரு"வும் இருந்தது. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து கேட்க அவருக்கு வரவில்லை. "சிஸ்டர்," என்று தொடங்கி, நாக்கைக் கடித்து, "ஸொறி, ரூத். பெருக்கிறதா, பிரிக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிரிக்கிறது. கேட்டதற்கு நன்றி," என்றார் ரூத். கேலியும் இல்லை, கைதட்டலும் இல்லை. வார்ட்டில் ஒரு பெரிய தாதி இன்னொரு தாதிக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

இரண்டாம் சோதனைக்கு மார்கரெற்றே வந்தார். அக்காவும் யூசுப்பும் முதல் தரம் தவறிய இன்னும் சிலரும் எழுதினார்கள். எனக்கு உள்ளே போக அனுமதியில்லை. கதவில் நீளமான ஒரு கண்ணாடி இருந்தது. பேனை வாங்க வந்தவள்போல அதன் முன்னால் மூன்று தரம் நடந்தேன். வாய்க் கேள்விகள் தொடங்கியதும் நடப்பதை விட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

மார்கரெற்றின் வாய் அசைந்தது. தலைகள் குனிந்தன. பிறகு அக்காவின் கை மேலே போனது. பாரமான ஒன்றைத் தூக்குவதுபோல, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். மார்கரெற் தலையை ஆட்டி மறுத்தார். கை இறங்கவில்லை. மார்கரெற் ஏதோ சொன்னார். அக்கா எழுந்து நின்றார். அவருடைய வாயும் அசைந்தது. சோதனையில் வாய் திறந்ததற்காகவே அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். மார்கரெற் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ ஒரு சொல் சொன்னார். அக்கா உட்கார்ந்து எழுதினார். பக்கத்து வரிசையில் யூசுப் அவசரமாக எதையோ அழித்தார்.

வெளியே வந்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா நடந்தது?"

"அவ ஃபிஃப்ரீனோ ஃபிஃப்ரியோ எண்டு எனக்குக் கேக்கேல்லை ரீச்சர். பதினைஞ்சு மில்லிகிராமோ, அம்பதோ? இன்ரு கேள்வியும் வந்தது, அது எனக்குச் சுகம். இதுதான் விளங்கேல்லை. நான் கையை உயர்த்தினன். சோதினையில கேள்வி கேக்கக் கூடாது எண்டா."

"பிறகு?"

"பிறகு நான் எழும்பிச் சொன்னன், இது பேஷன்ருக்குக் குடுக்கிற மருந்து மேடம், கேக்காமல் என்னால குடுக்கேலாது எண்டு. ஒண்டு அஞ்சோ, அஞ்சு சைபரோ எண்டு கேட்டன்." சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். "ரீச்சர், நான் வாய் காட்டிப்போட்டன் என்ன?"

அது பதினைந்து. யூசுப் ஐம்பது என்று எழுதியிருந்தாராம். அதைத்தான் அழித்தார். என்னைக் கண்டதும், "என் ரக்ஸியில் இந்த அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்க மீற்றர் இல்லை," என்றார்.

பின்னேரம் மார்கரெற் தாள்களோடு எங்கள் அறைக்கு வந்தார். அக்காவுக்கும் யூசுப்புக்கும் முழுப் புள்ளி. மேசையில் வைத்துவிட்டுப் போகத் திரும்பியவர் நின்று, "ஆஸ்பத்திரியில் நான் இருபது வருஷம் இருந்தேன். என்னைத் திருப்பிக் கேட்ட மாணவியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இதை எப்படிப் படிப்பிக்கிறீர்கள்?" என்று கேட்டார். ரூத் என் பக்கம் கையைக் காட்டினார். அடுத்த வருஷம் அந்த வாய்க் கேள்விகளை மாணவர் திருப்பிக் கேட்கலாம் என்று விதி மாறியது. எங்கள் கொதிகலன் அறை வகுப்பையும் நாங்கள் கேட்காமலே தொடர விட்டார்கள்.

ஆகவே, அனுஷா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். லெவல்களை எடுங்கள். வாசலில் யாரையும் நிறுத்தி வைக்காதீர்கள். ஆனால் உள்ளே எடுத்த பிறகு "விளங்கிச்சுதா?" என்று மட்டும் கேட்காதே. எங்கள் ஆட்கள் ஓம் என்பார்கள்.

அக்கா படித்து முடித்த அன்று கொலிஜ் மண்டபத்தில் விழா. வெள்ளைச் சீருடையின் கழுத்தடியில் சின்னதாக ஒரு ஊசிச் சின்னம் குத்திவிட்டார்கள். புருஷன் யோசேப்பண்ணை, பேக்கரி ஒன்றில் வேலை செய்கிறவர், பெரிய கோட்டுக்குள் தொலைந்துபோனவர்போல நின்றார். என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"ரீச்சர், நீங்கள்தானோ இவவுக்குப் படிப்பிச்ச ஆள்? நல்லாய்ப் படிப்பிச்சிருக்கிறியள். முந்தி நான் ஒண்டு சொன்னா ஓம் எண்டுவா. இப்ப சோறு போடு எண்டா, எவ்வளவு எண்டு கேக்கிறா. கொஞ்சம் எண்டா, கொஞ்சம் எண்டா எவ்வளவு எண்டு கேக்கிறா."

முகத்தில் முறைப்பாடு. கண்ணில் மட்டும் நீர் நிறைந்திருந்தது. நான் சிரித்துக்கொண்டே அக்காவின் கையைப் பிடித்தேன். தோய்த்து வெளிறிய தோல் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

"சந்தோசமோ அக்கா?" என்றேன்.

"எதுக்குக் கேக்கிறியள், பாஸ் பண்ணினதுக்கோ, திங்கக்கிழமை வேலைக்குப் போறதுக்கோ?"

"ரண்டுக்கும்தான்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு என் முகத்தை நேரே பார்த்து, "ஓம்," என்றார்.